பிறந்தநாள் எடை

செய்த தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு அலைச்சல் பிடித்த வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொய் எழுதியபோது ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் போனால் டோக்கன் எடு, படிவம் நிரப்பு, நாளைக்கு வா என்கிறார்கள். ஒன்பது நாள் அலைந்தேன்.

என் பெயர் மோகனசுந்தரம். கோயம்புத்தூர் வடவள்ளியில் வீட்டு மாடியில் பல்லி வளர்க்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம், காத்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருக்கிறது. சுவரில் ஓடி, தோளில் விழுந்து, காலண்டரின் பின்பக்கத்தில் பலன் தேட வைக்கும் பல்லி இல்லை இது. சிறுத்தைப் பல்லி. கடைகளில் கெக்கோ என்பார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கண்ணுக்கு இமை, கொழுப்பைச் சேமித்து வைக்கும் தடித்த வால். சுவர் ஏறத் தெரியாது. தொட்டியின் மூலையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்து நிதானமாகக் கண் சிமிட்டும். எனக்குத் தெரிந்த பல மனிதர்களைவிட நல்ல சகவாசம்.

இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் நிறத்துக்குத்தான் மவுசு. வெள்ளை, ஆரஞ்சு, சிவப்புக் கண் என்று தேடினார்கள். அப்புறம் எல்லோருக்கும் அளவுப் பைத்தியம் பிடித்தது. சாதாரண கெக்கோ அறுபது கிராம் இருக்கும். எண்பதைத் தாண்டினால் ஜயன்ட். ஆண் பல்லி நூற்றுப் பத்தைத் தாண்டினால் சூப்பர் ஜயன்ட். எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு சடங்கே உண்டு. முட்டையிலிருந்து வந்து சரியாக ஒரு வருஷம் முடிகிற அன்று, இரண்டு சாட்சிகள் முன்னால் தராசில் வைத்து, எடையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறந்தநாள் எடை என்போம். அந்த ஒரு எண்தான் அதன் ஜாதகம்.

தில்லுமுல்லு அங்கேதான். பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னாலிருந்து மெழுகுப்புழுவாகப் போட்டுத் தள்ளுவோம். கெக்கோவுக்கு அது நெய் ஒழுகும் அல்வா. எடை போடும் அன்று காலையிலும் வயிறு முட்ட ஒரு சுற்று. நாலு புழு தின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகமான பிராணிகளைக் கடைக்கு அனுப்பிவிடுவோம். போடப் போட விழுங்குகிறவற்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வோம். எட்டு வருஷம் இப்படித்தான். ஊரில் எல்லோரும் செய்ததால் இதைப் பொய் என்றே நாங்கள் நினைக்கவில்லை. போட்டோ எடுக்கும் முன்னால் பவுடர் பூசிக்கொள்கிற மாதிரி ஒரு சமாசாரம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நெடில் லேப்ஸ் என்ற கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் பல்லிகளின் வாயில் பஞ்சைத் தடவி எடுத்துக்கொண்டு, பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போனார்கள். ஆயிரத்து நானூறு பல்லி, ஆயிரத்து நானூறு பிறந்தநாள் எடை. அதில் பாதிக்கு என் கையெழுத்து. கனத்த பல்லிகள் எல்லாவற்றிலும் மரபணுவில் ஒரே ஒரு இடம் ஒரே மாதிரி மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, வளர்ச்சியின் சாவி என்று பேர் வைத்தார்கள். அதே இடம் மனிதர்களுக்கும் இருக்கிறதாம். சில வருஷத்தில், உயரம் குறைந்த குழந்தைகளுக்கு அந்த மாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சொட்டு வந்துவிட்டது. நாக்கில் ஆறு சொட்டு, மூன்று தவணை. முதல் இரண்டு தவணை சில மாதங்களில் கரைந்துபோகும். மூன்றாவது தவணை ஆயுசுக்கும் உடம்பில் தங்கிவிடும். மருந்து என்று சொன்னால் வருஷக்கணக்கில் சோதனை செய்யச் சொல்வார்கள் என்று, சத்துப்பொருள் என்ற பெயரில் விற்றார்கள்.

நான் பெருமைப்பட்டேன். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் தங்கை கோகிலாவிடம் சொன்னதும் நான்தான். அவள் மகள் தன்விகா எட்டு வயசில் வகுப்பிலேயே குட்டி. "எம் பல்லிகள வெச்சுக் கண்டுபிடிச்சது அம்மிணி, தைரியமாக் கொடு" என்றேன். கொடுத்தாள்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் என் கர்ணன் வாந்தி எடுத்தான். நூற்று முப்பத்திரண்டு கிராம், சங்கத்திலேயே பெரியவன். எடுத்த வாந்தியைத் திரும்பத் தின்றான். அதையும் வாந்தி எடுத்துவிட்டு, புழு டப்பாவைப் பார்த்துக் கண்ணாடியில் முட்டினான். கால்நடை மருத்துவர் அனீஸ் பாத்திமாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்.

"கல்லீரல் பூராக் கொழுப்புங்க மோகன். தாங்காது."

"பெரிய சைஸ் டாக்டர். அதுக்குத் தகுந்த மாதிரிதானுங்களே இருக்கும்?"

அவர் இன்னொரு எக்ஸ்ரேயைப் பக்கத்தில் மாட்டி, என் கையில் ஸ்கேலைக் கொடுத்தார். "இது சாதாரண கெக்கோ, அறுபது கிராம். மண்டைய அளங்க. தொடை எலும்ப அளங்க."

அளந்தேன். இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன்.

"இத்தன வருசத்துல நீளம் அளந்ததே இல்லீங்களா?"

"நெளியுங்க டாக்டர். இறுக்கிப் பிடிச்சா வால உதுத்துரும். தராசுல வெக்கறது ஈசி."

"அதான் விசயம். இது பெரிய பல்லி இல்லீங்க, தின்னுட்டே இருந்த பல்லி. வயிறு நெறஞ்சா மூளைக்கு ஒரு சேதி போகணும். இதுக்கு அந்தச் சேதி போறதில்ல. பெருசா வளர்றதப் பொறுக்கி எடுக்கறதா நெனச்சுட்டு, நீங்கல்லாம் பசி அடங்காததப் பொறுக்கி எடுத்திருக்கீங்க."

எனக்குக் கர்ணன் நினைவே போய்விட்டது. தன்விகாவின் முகம்தான் வந்தது. இரண்டு தவணை முடிந்திருந்தது. மூன்றாவது அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளன்று என்று கோகிலா நாள் குறித்திருந்தாள். அதற்குப் பதினோரு நாள் இருந்தது.

நேராகக் கவுண்டம்பாளையத்துக்குப் போனேன். தன்விகா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கவளம் ஊட்ட இந்தப் பிள்ளையின் பின்னால் மொட்டை மாடி வரை கிண்ணத்தோடு ஓடியவள் கோகிலா. இப்போது பிள்ளை ஐந்தாவது சப்பாத்தியில் இருந்தாள்.

"பாருங்ணா, தட்டக் கழுவவே வேண்டியதில்ல" என்று கோகிலா பூரித்தாள்.

நான் தட்டைப் பார்க்கவில்லை. கரண்டி போன பக்கமெல்லாம் பிள்ளையின் கண் போனது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மாடியில் இருநூற்றுச் சொச்சம் தொட்டிகளில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

கோகிலாவைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்ச் சொன்னேன். "மூணாவது தவணை வேண்டாம் அம்மிணி. அது உயரத்துக்கான சொட்டே இல்ல. பசியக் கிளப்பி விடற சொட்டு."

"ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்காளே?"

"வளர்ற புள்ள நல்லாச் சாப்பிட்டா ஏறாதா? சொட்டு இல்லாட்டியும் ஏறும்."

"தைரியமாக் கொடுன்னது யாருங்ணா?"

"நாந்தான். தப்பாச் சொல்லிட்டேன். நாங்க எழுதுன எடையே தப்பு."

அவள் அடுப்பை அணைத்தாள். "குட்டையா இருந்தேன்னு எனக்கு அரைப்படின்னு பேர் வெச்சதும் நீங்கதான். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் அதே பேரு. கல்யாணத்துல மாலை மாத்தறப்பக்கூட உங்க சிநேகிதர் ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டுச் சிரிச்சாரு. எம் பொண்ணுக்கு அந்தப் பேரு வரக்கூடாதுன்னு பாக்கறேன். அதுவும் உங்களுக்குப் பொறுக்கல."

பத்து வயசில் விளையாட்டாக வைத்த பேர். அதை அவள் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

"உங்க பேச்சக் கேட்டு ஆரம்பிச்சது போதும். நிறுத்தறதா இருந்தா லேப்ல சொல்லட்டும். அவிய சொன்னா நிறுத்தறேன்" என்றாள். அதுதான் முடிவு.

மறுநாள் காலை நெடில் லேப்ஸ் வாசலில் நின்றேன். அவினாசி ரோட்டில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகம் மாறாமல் கேட்டாள், "புகாருங்களா சார்?"

"புகார் இல்லீங்க. ஒப்புதல். உங்களுக்குக் கொடுத்த எடையெல்லாம் பொய்."

"எந்தப் பொருளப் பத்திங்க சார்?"

"பல்லி."

அவள் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. பொருள் தாமதமாக வந்தது, பெட்டி சேதமடைந்திருந்தது, பயன் தெரியவில்லை. நான் பொய் சொன்னேன் என்பதற்குக் கட்டம் இல்லை. "இதுல எதாச்சும் ஒண்ணு டிக் பண்ணாத்தான் உள்ள போகும் சார்" என்றாள். பெட்டி சேதம் என்பதில் டிக் அடித்துவிட்டு, பின்பக்கம் முழுக்க நடந்ததை நுணுக்கி நுணுக்கி எழுதிக் கொடுத்தேன். கூப்பிடுவார்கள் என்று மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நடுவில் இரண்டு முறை நேரில் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் கூரியர் வந்தது. பிரித்தால், சந்தன வாசனை அடிக்கும் காகிதத்தில் சுற்றிய புத்தம் புதுச் சொட்டுப் பெட்டி. சேதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு சீட்டு. அதைச் சுவரில் எறியலாம் என்று கை ஓங்கினேன். கண்ணாடித் தொட்டிகள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

சரி, நாலு பேர் சேர்ந்து போனால் மதிப்பார்கள் என்று சங்கச் செயலாளர் ரங்கராசுவிடம் போனேன். சாட்சிக் கையெழுத்துகளில் பாதி அவருடையது. நான் சொல்லி முடிக்கும் வரை தன் கெக்கோவின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் பண்ணுனதுதானுங்க மோகன். இப்ப எதுக்குக் கிளறறீங்க?"

"குழந்தைங்க குடிக்கறாங்கண்ணா."

"நாமளா குடிக்கச் சொன்னோம்? பல்லி எடைய எழுதுனோம். அத எடுத்துட்டுப் போய்க் குழந்தை வாயில ஊத்துனது அவிய. எழுதறதா இருந்தா உங்க பல்லிக்கு மட்டும் எழுதிக்குங்க. சங்கம் பேர இழுக்காதீங்க."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல். ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் தனியாகவே இறங்கினேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, பல்லியை உள்ளே விட்டு, அது அசையாமல் நிற்கும் நொடியில் மேலிருந்து போட்டோ. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை கட்டங்களை எண்ணினால் நீளம் வந்துவிடும். இவ்வளவு சுலபமான காரியத்தை எட்டு வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறோம். டாக்டர் அனீஸ் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூட இருந்து எழுதிக் கொடுத்தார். இருநூற்றுப் பதினேழு பல்லி. நீளத்தில் சூப்பர் ஜயன்டும் ஒன்றுதான், கடைக்குத் தள்ளிவிட வைத்திருந்ததும் ஒன்றுதான். கர்ணன் அன்று சாயங்காலம் செத்துப்போனான். வாயில் ஒரு புழு பாதி இருந்தது.

டாக்டருடன் படித்த ஒருவர் நெடிலில் வேலை பார்த்ததால் ஒன்பதாம் நாள் எனக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. ஸ்ரீவத்சன் என்ற தலைமை விஞ்ஞானி. முப்பத்தைந்து வயசிருக்கும். நான் நீட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது.

"எடை போடறதுக்கு முன்னாடி தீனி போட்டீங்களா?"

"போட்டோமுங்க."

"எல்லாருமேவா?"

"எல்லாருந்தான்."

"வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டதையெல்லாம் ஒதுக்கிட்டீங்க?"

"ஆமாங்க. எட்டு வருசமும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சிட்டிருந்தோம் சார். பசங்க உயரம் நாங்க எதிர்பார்த்த மாதிரி ஏறல. ஆனா ஒரு அம்மாகூடப் புகார் பண்ணல. எல்லாரும் ரெண்டாவது தவணைக்குத் தேடி வந்தாங்க. ஏன்னு புரியவே இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு நேர்மையா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க."

"மூணாவது தவணைய நிறுத்தணும் சார். நாளன்னிக்கு எந் தங்கச்சி பொண்ணுக்கு."

"இன்னைக்கே நிறுத்தறேன்."

நிறுத்தினார். நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் கோகிலாவிடமிருந்து போன். மூன்றாம் தவணையை மறு அறிவிப்பு வரும் வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று லேபிலிருந்து குறுஞ்செய்தி வந்ததாம். "இப்பத் திருப்தியாங்ணா?" என்று கோபமாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறந்தநாளுக்குப் போனேன். சொட்டு இல்லாத பிறந்தநாள். தன்விகா கேக்கில் மூன்று துண்டு தின்றாள், நாலாவதைக் கேட்டு அழுதாள். பரவாயில்லை, இது கரைந்துபோகும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இந்த எடைகள் நம்பத்தக்கவை அல்ல என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டேன். வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதி. ஆறு வாரம் அந்த நிம்மதியோடு இருந்தேன்.

ஏழாவது வாரம் நெடிலிலிருந்து கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள். தங்கள் பொருளின் தவறான வகைப்பாட்டைத் திருத்திக்கொள்ள உதவியதற்காக எனக்கு மனமார்ந்த நன்றி. இரண்டாவது பத்தியில், உயரத்துக்கானது என்ற அறிவிப்பை அவர்கள் முழுமையாகத் திரும்பப் பெறுகிறார்கள். மூன்றாவது பத்தியில், அதே சொட்டு, அதே மூன்று தவணை, இந்த வாரம் முதல் அதன் உண்மையான பயனைச் சொல்லி விற்பனைக்கு வருகிறது. உள்ளே விளம்பரத் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. கையில் கிண்ணத்தோடு ஒரு அம்மா, வாயைத் திறந்திருக்கும் ஒரு பிள்ளை. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதா உங்கள் குழந்தை?

உடனே கோகிலாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மாதக்கணக்கில் கேட்காத உற்சாகக் குரல்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேங்ணா. நீங்க சொன்னதுதான் சரி. லேப்லயே ஒத்துக்கிட்டாங்க, உயரத்துக்கு இல்லையாம், பசிக்குத்தானாம். உங்கள அன்னிக்கு என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

"கோகிலா, சொட்டு..."

"அதத்தான் சொல்ல வர்றேன். தவணை நின்னதுல இருந்து மறுபடியும் பழையபடி தட்டத் தள்ள ஆரம்பிச்சுட்டா. முந்தாநேத்து ரெண்டே இட்லியோட எந்திரிச்சுப் போயிட்டா. எனக்கு உசுரே போயிருச்சு. காலைல கடை தொறந்ததும் வாங்கிட்டு வந்து மூணாவது தவணையக் கொடுத்துட்டேன். உயரம் கிடக்குது விடுங்ணா. புள்ள நல்லாச் சாப்பிட்டாப் போதும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை எங்கே வைத்தேன் என்றும் நினைவில்லை. அதன் பிறகு லேபுக்குப் போனேன், கலெக்டர் ஆபீசுக்குப் போனேன், எல்லா இடத்திலும் அந்தப் புதுச் சொட்டுப் பெட்டியை எடுத்துக் காட்டி, அதில் சொல்லியிருப்பதில் எது பொய் என்று கேட்டார்கள். ஒன்றும் பொய் இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் தன்விகா என் வீட்டுக்கு வருகிறாள். பல்லிகளுக்குத் தண்ணீர் வைப்பாள், பேர் சொல்லிக் கூப்பிடுவாள். புழு டப்பாவை நான் பூட்டி வைத்திருக்கிறேன். பல்லிகளுக்கு அளந்துதான் போடுகிறேன். பிள்ளைக்கு அளந்து போட என்னால் முடியவில்லை. போன வாரம் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவதைத் தின்று முடித்துவிட்டு, விரலால் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, போன வருசம் ஒரு நாள் நான் ரெண்டு இட்லியோட எந்திரிச்சுப் போயிட்டனாம். அம்மா சொல்லிட்டே இருக்காங்க."

"ஆமாங் கண்ணு."

"எப்படி மாமா எந்திரிச்சேன்?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, கல்லில் எட்டாவது தோசையை ஊற்றினேன்.